உங்களுக்குத் தெரிந்திருக்கக்கூடியவர்

முதியோர் இல்லத்துச் சலவையறையில்
நாற்பதாவது போர்வையையும் மடித்து வைத்துவிட்டு
போனைத் திறந்தேன்.
ஒரு கேக் செய்முறை.
யாரோ வாங்கிய வீடு, வாசலில் மாவிலை.
அதற்குக் கீழே
அவன்.

'உங்களுக்குத் தெரிந்திருக்கக்கூடியவர்.
பொது நண்பர்: ஒருவர்.'

தெரியும்.
அந்த நீலச் சட்டையின் கொலர்
எத்தனை தரம் தேய்த்தாலும் சுருங்கும் என்று தெரியும்.
தேய்த்தது நான்.
படத்தின் இடது ஓரத்தில் வெட்டுப்பட்டு நிற்கிற
தோளின் கால்வாசியையும் தெரியும்.
அன்று அதில் ஒரு கன்றல் இருந்தது,
சேலைத்தலைப்பு மறைத்திருந்தது.

நீதிமன்றம் இருநூறு மீட்டர் என்றது,
மெல்பேர்ணில், முத்திரை குத்தி.
அந்தத் தாளை நான்காய் மடித்து
மகளின் பிறப்புச் சான்றிதழுக்குள் செருகி
தொள்ளாயிரம் கிலோமீட்டர் இரவு ரயிலில் கொண்டுவந்தேன்.
இப்போது அவன்
என் பெருவிரலிலிருந்து அரை அங்குலம்.

கவனமில்லாதவள் அல்ல நான்.
பெயரை மாற்றினேன். முகத்துக்குப் பதில்
ஒரு ஜகரண்டாக் கிளை.
பிறந்த தேதி பொய்.
ஊர் கேட்ட இடத்தில், கால் வைத்தேயிராத பேர்த்.
மகளின் பள்ளிக்கூடச் சின்னம் தெரிகிற படங்களை
அவள் அழ அழ அழித்தேன்.
ஒரு சட்டை தைக்கக் கொடுத்தேன்,
அவ்வளவுதான்.

வென்ட்வேர்த்வில்லில் சோதிமலர்
உதட்டில் குண்டூசியோடு அளவெடுத்தபடி
'நம்பரைச் சொல்லுங்கோ, முடிஞ்சதும் எடுக்கிறன்' என்றாள்.
அவள் போனில் என் பெயர்
'புளவுஸ், டூங்காபி, கை இறக்கம்'.
அதே போனில், எப்போதோ
யாருடைய கல்யாணத்துக்கோ தைத்த கணக்கில்,
அவனும்.
ஒருநாள் திரை அவளைக் கேட்டிருக்கும்:
உங்கள் தொடர்புகளைப் பார்க்கலாமா?
வாயில் ஊசி. பேசாமல் தொட்டிருப்பாள்.
மறுநாள் என்னிடம் நட்பழைப்பு வந்தது.
தையல் நன்றாக இருந்ததால் ஏற்றுக்கொண்டேன்.

இயந்திரத்துக்கும் கெட்ட எண்ணம் இல்லை.
கலியாணத் தரகர் மாதிரி,
இரண்டு வீட்டுப் படலையும் அதற்குத் தெரியும்.
உள்ளே நடந்ததை ஒருவரும் சொல்லவில்லை.

ட்ரையர் நின்று மணி அடித்தபோதுதான்
உறைத்தது.

அவனை எனக்குக் காட்டியதென்றால்
என்னை?

டண்டெனோங்கில் ஒரு சோபாவில்
ஒரு பெருவிரல்
கேக்கைத் தாண்டி, மாவிலையைத் தாண்டி
ஒரு ஊதாக் கிளைக்கு முன்னால் நின்றிருக்குமா?
பேர்த் என்று வாசித்துச் சிரித்திருக்குமா?
கீழே பொது நண்பர் ஒருவர் என்றிருந்ததை,
அவள் கடை முகவரியை?

இரண்டு பொத்தான்கள் தந்திருந்தார்கள்.
சேர். நீக்கு.
ஓடு என்பதற்கு ஒன்றுமில்லை.
நீக்கினேன்.
காலியான இடத்தில் அவன் தம்பி வந்து சிரித்தான்.

பிளாக்டவுன் பொலிஸ் நிலையத்தில்
ஒரு இளம்பெண், நகப்பூச்சுப் பாதி உரிந்தவள்.
'அவர் உங்களைத் தொடர்புகொண்டாரா?'
இல்லை.
'மெசேஜ்?'
இல்லை.
பேனாவை மூடினாள்.
நான் கைப்பையை எடுக்கக் குனிந்தபோது
மேசைக்குக் கீழே அவள்
தன் போனில் எதையோ அவசரமாகத் தேடிக்கொண்டிருந்தாள்.
அமைப்புகள். தனியுரிமை.
பார்க்காததுபோல் எழும்பினேன்.

இரவு சோதிமலருக்கு எடுத்தேன்,
என் நம்பரை அழித்துவிடச் சொல்ல.
மணி போகும்போதே யோசனை வந்தது.
அழிக்கச் சொன்னால் காரணம் கேட்பாள்,
காரணத்தைச் சொன்னால்
அதுவும் ஒரு தகவல்.

'அக்கா, சட்டை சரியோ?'

'கை கொஞ்சம் இறுக்கம்,' என்றேன்.

'அதுக்கென்ன, கொண்டுவாங்கோ, பிரிச்சு விடுறன்.
முடிஞ்சதும் எடுக்கிறன்.
உங்கட நம்பர்தான் என்னட்ட இருக்கே.'